அமாவாசையில் வைத்த ஆட்டம்

ஆராவமுதன் கேரம் ஆடிப் பார்த்தவர்கள் செங்கல்பட்டில் அதிகம் இல்லை. அவர் கேரம் ஆட்டத்துக்கு விதி எழுதினார் என்பதுதான் எல்லோருக்கும் தெரியும்.

கோர்ட்டில் நகல் எடுக்கும் குமாஸ்தா. மற்றவர்கள் சொன்ன தீர்ப்பை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதுவது வேலை. மெலிந்த உடம்பு. நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு. அப்பா இறந்தபோது தம்பி பட்டாபி அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தான். அவனை வளர்த்து, படிக்கவைத்து, ஒரு மரக்கடையில் கணக்கெழுதச் சேர்த்துவிட்டதும் ஆராவமுதன்தான்.

ஸ்டேஷன் ரோட்டில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் கேரம் கிளப் இருந்தது. ஜன்னல் வழியே ரயில் நிலையமும் அதன் பின்னால் கொளவாய் ஏரியும் தெரியும். ஆட்டம் நடக்கும்போது ஏரிக் காற்றில் பவுடர் பறக்காமலிருக்க ஒரு கதவை மட்டும் திறந்து வைப்பார்கள். சாயங்காலங்களில் வக்கீல்களும் ரயில்வேக்காரர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சென்னையில் எல்லா ஜில்லாக்காரர்களும் சேர்ந்து ஆடும் பெரிய போட்டி உண்டு. செங்கல்பட்டிலிருந்து ஒரு பெயர் போகும்.

ஒரு வருஷம் ஆராவமுதன் கிளப்பில் இருந்த அத்தனை பேரையும் ஜெயித்தார். சென்னைக்குப் போன பெயர், கிளப் தலைவர் வாசுதேவனின் மருமானுடையது. வாசுதேவன் வக்கீல். ஆராவமுதன் போய்க் கேட்டபோது அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நீர் ஜெயிச்சதெல்லாம் சும்மா ஆடினதுதானே ஓய். எது தகுதி ஆட்டம்னு கமிட்டி தீர்மானிக்க வேண்டாமா?"

"எப்போ தீர்மானிப்பேள்?"

"தீர்மானிச்சாச்சே."

அன்றோடு ஆராவமுதன் ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. கிளப்பை விட்டுவிடுவார் என்று நினைத்தார்கள். விடவில்லை. அடுத்த வருஷம் செக்ரட்டரி வேலையை ஏற்க ஆள் இல்லாமல் இருந்தது. கூடத்தைப் பெருக்கவைக்க வேண்டும், விளக்குக்குப் பணம் கட்ட வேண்டும், சென்னையிலிருந்து பவுடர் தருவிக்க வேண்டும். ஆராவமுதன் தான் செய்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை. போட்டியின் விதிகளை அவர் எழுதுவார். சீட்டுக் குலுக்கிப்போட்ட பிறகு விதியை எவரும் மாற்றக் கூடாது.

வாசுதேவன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். எழுதிவைத்தால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

ஆராவமுதன் கோர்ட்டு நகல் எழுதும் அதே குண்டு எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். யாரோடு யார் ஆடுவது என்பதை எல்லோர் எதிரிலும் சொம்பில் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். ஜெயித்தவன் மேலே போவான், தோற்றவன் வீட்டுக்குப் போவான், கடைசியில் நிற்பவன் சென்னைக்குப் போவான். கிளப் அங்கத்தினர் என்றில்லை, ஜில்லாவில் குடியிருப்பவர் எவரும் ஆடலாம். கூடத்துக்குள் யாரும் யாரையும் 'நீ' என்று கூப்பிடக் கூடாது. பெயரைக் கூப்பிட்டு மணியடித்துக் கால் மணி நேரத்துக்குள் போர்டின் முன் உட்காராதவர் தோற்றவர். இதற்குக் கீழே ஒரு வரி தனியாக இருந்தது: காரணம் கேட்கப்படமாட்டாது.

அந்த வரியைப் பற்றிப் பட்டாபி வீட்டில் கேட்டான். "ஒருத்தருக்கு உடம்பு சரியில்லேன்னா அண்ணா?"

"காரணம் கேட்டா யார் சொல்வா? வக்கீலாத்துப் பிள்ளை சொல்வான். அவனுக்குச் சொல்ல வரும். டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவருவான். வண்டிக்காரன் வந்து தலையைச் சொறிஞ்சுண்டு நிப்பான். ரெண்டு பேரையும் கேக்காம இருக்கறதுதான் நியாயம்."

பட்டாபிக்கு அது சரியாகத்தான் பட்டது.

நயா பைசா வருவதற்கு முந்தைய வருஷம். கோர்ட்டுக்கு எதிரில் டீக்கடைச் சுவரில் ஆராவமுதன் போட்டி அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இன்னா சாமி ஒட்றே?"

திரும்பினார். கறுத்து அகன்ற மனிதர். தலையில் துண்டு. கரைத் தகராறு ஒன்றில் சாட்சி சொல்ல சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்திலிருந்து வந்தவர். பெயர் நீலமேகம்.

"கேரம் போட்டி."

"ஆரு வேணா வர்லாமா?"

"ஜில்லாவிலே குடியிருக்கிற யாரும் வரலாம்."

"சதுரங்கப்பட்டணம் ஜில்லாவுல கீதா?"

"இருக்கு."

"மீன் புடிக்கிறவன்?"

"ஆடத் தெரியுமா?"

"எங்கூரு ஒல்லாந்தான் கோட்டையில நான் கெலிக்காத ஆளு இல்ல. உள்ள காத்து அடிக்காது, அங்கதான் போர்டு. என் மச்சான் போர்டு. கங்காதரன்னு பேரு, என் தங்கச்சி வூட்டுக்காரன். காசிமேட்ல வேலையா இருந்தப்ப வாங்கினு வந்தது."

"அப்போ வாரும்," என்றார் ஆராவமுதன்.

நீலமேகம் அந்த 'வாரு'மைக் கேட்டு அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

முதல் நாள் நீலமேகம் மாடியேறி வந்ததும் வாசுதேவன் மூக்கின்மேல் அங்கவஸ்திரத்தை வைத்துக்கொண்டார். "ஆராவமுது, மீன் தொட்ட கை. போர்டு என்னத்துக்கு ஆகும்?"

"கை கழுவணும்னு விதி போட்டுடலாம். இன்னும் சீட்டுக் குலுக்கலையே."

"அதைச் சொல்லும்."

மறுநாள் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருந்தன. முதலில் வந்தவர் வாசுதேவன்தான். நேராக உள்ளே போகப் பார்த்தார்.

"கை," என்றார் ஆராவமுதன்.

"நானா?"

"வெத்தலை போட்ட கை."

படிக்கட்டில் நின்றிருந்த ஆபிரகாம் கைதட்டிச் சிரித்தார். அவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. கிளப்பில் அந்த வருஷம் எல்லோரும் பயந்த ஆட்டக்காரர் அவர்தான்.

நீலமேகத்தின் முதல் ஆட்டத்தில் காய்கள் போர்டைவிட்டு வெளியே பறந்தன. கடற்காற்றில் ஊறிய போர்டில் ஆடிய கை. அங்கே ஓங்கி அடித்தால்தான் காய் நகரும். இங்கே பவுடர் போட்டு இழைத்த போர்டு, தொட்டாலே ஓடியது. அவர் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு, போர்டின் மேல் உள்ளங்கையை ஒரு தரம் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிறகு அடித்தது வேறு ஆட்டம். கயிறு இழுத்துக் காய்த்துப்போன நடுவிரலால் சுண்டினால் காய் சத்தமில்லாமல் குழிக்குள் இறங்கியது. சிவப்பைப் போட்டு, தொடர்ந்து கடைசி வெள்ளையையும் போட்டார்.

ஆராவமுதன் மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தான் சென்னைக்குப் போயிருந்தால் இப்படி ஆடியிருக்கமாட்டோம் என்று தோன்றியது. இந்த ஆள் போக வேண்டும் என்றும் தோன்றியது. செக்ரட்டரி அப்படி நினைக்கக் கூடாது. எழுந்து போய் வாளித் தண்ணீரை மாற்றினார்.

கடைசிக்கு முந்தைய ஆட்டம் நீலமேகத்துக்கும் ஆபிரகாமுக்கும். அதை ஜெயிப்பவர் பட்டாபியோடு ஆட வேண்டும். பட்டாபி தன் பக்கத்து ஆட்டங்களை எல்லாம் ஜெயித்திருந்தான். "அண்ணன் விதி, தம்பி கப்பு" என்று கிளப்பில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது ஆராவமுதன் காதிலும் விழுந்தது.

அன்று மணியடித்தார். நீலமேகம் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலி காலி. யாரோ ஜன்னலைக் காட்டினார்கள். வெளிச் சிக்னலுக்கு அப்பால் கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியின் வாசலில் ஆபிரகாம் இங்கே பார்த்துப் பச்சைக் கொடியை ஆட்டினார். கூடமே சிரித்தது. சிக்னல் இறங்கவில்லை. வண்டி நகரவில்லை. கால் மணி முடிந்தது.

பிறகு வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து, ஆபிரகாம் கொடியோடு மாடியேறி ஓடி வந்தபோது ஆராவமுதன் எழுந்து நின்றார்.

"வாக்ஓவர். நீலமேகம் ஜெயிச்சார்."

"ஓய், வண்டி சிக்னல்ல நின்னதை நீரே ஜன்னல்ல பார்த்தீரே!"

"பார்த்தேன். காரணம் கேக்கறதில்லேன்னு இருக்கு."

"நான் சொல்லவே இல்லியே. நீர்தானே பார்த்தீர்!"

மறுபடியும் சிரிப்பு. ஆபிரகாம் சிரிக்கவில்லை. அவருக்கு அது ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷம். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நீலமேகம்தான் அதிகம் சங்கடப்பட்டார். "இன்னா சாமி இது. நான் சொம்மா குந்திகினு இருந்தேன். கெலிச்சிட்டேன்றே."

"விதி அப்படி."

"அந்தாளு வந்துட்டாரே. ஆடிக்கிறோம் வுடு."

"முடியாது."

நீலமேகம் ஆபிரகாமிடம் போய், "அண்ணாத்த, மனசுல வெச்சுக்காத," என்றார். ஆபிரகாம் அவர் தோளைத் தட்டினார். "நீர் போய் அந்தப் பட்டாபியை அடியும். அது போதும்."

கடைசி ஆட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டும். பட்டாபி எதிராளி என்பதால் இதில் ஒரு தூசி ஒட்டக் கூடாது என்று ஆராவமுதன் நினைத்தார். கடலுக்குப் போகிறவன் வர முடியாத நாளாக வைத்தால் தம்பிக்காக வைத்தது என்பார்கள். முன்பு ஒருநாள் பேச்சுவாக்கில் நீலமேகம் சொன்னது நினைவில் இருந்தது, அவர்கள் குப்பத்தில் அமாவாசையன்று மரம், அதாவது கட்டுமரம், கடலில் இறங்காது. பஞ்சாங்கத்தைப் பார்த்தார். கார்த்திகை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கடலே இல்லாத நாள். இதைவிடத் தோதான நாள் கிடையாது.

வாசுதேவன் குதித்தார். "அமாவாசையன்னிக்கா? தர்ப்பணத்தை யார் பண்றது, ஓய்?"

"காலம்பற பண்ணிட்டு சாயந்திரம் வாங்கோ."

"உம்ம தம்பிக்கும் தர்ப்பணம் உண்டே. எதிராளிக்குப் பார்த்து நாள் வெக்கறீர். தம்பிக்குப் பார்க்கலியா?"

"தம்பிக்குப் பார்க்கக் கூடாதுன்னுதான்."

நீலமேகத்திடம் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது.

"அமாவாசை. உமக்குத் தோதாத்தான் வெச்சிருக்கேன்."

"அன்னிக்கு நாங்க போவமாட்டோம். சரி சாமி."

"முந்தின நாளும் போகாதீர். விரல் தண்ணியிலே ஊறினா காய் பேசாது."

நீலமேகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதுவும் ரூலா?"

"இல்லை. சும்மா சொன்னேன்."

பஸ் போய்விட்டது. ஆராவமுதன் சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தார்.

அமாவாசையன்று காலையில் அண்ணனும் தம்பியும் கிணற்றடியில் உட்கார்ந்து அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பட்டாபி தனியாகவும் ஆராவமுதன் தனியாகவும் கிளப்புக்குப் போனார்கள். ஒன்றாகப் போகக் கூடாது என்று ஆராவமுதன் சொல்லியிருந்தார்.

மாடி நிறைந்திருந்தது. படிக்கட்டிலும் ஆட்கள். வாளியில் புதுத் தண்ணீர். பட்டாபி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். எதிர் நாற்காலி காலி.

ஆராவமுதன் பெயர்களைக் கூப்பிட்டார். மணியடித்தார்.

எல்லோரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். சதுரங்கப்பட்டினத்து பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஒருவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான். பட்டாபி போர்டின் மேலிருந்த பவுடரை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

ஆபிரகாம் மணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகத்தான் பேசினார். "ஓய், கொஞ்சம் பாரும். எனக்குச் செஞ்சதுக்கு நான் கோபப்படல. அவனுக்கும் செய்யாதீர்."

"உமக்குச் செஞ்சேனே."

"நான்தான் விட்டுட்டேன்னு சொல்றேனே."

"நீர் விட முடியாது. அது உம்மோடது இல்லை. என்னோடதும் இல்லை."

பட்டாபி எழுந்து நின்றான். "அண்ணா, நானே கேக்கறேன். இன்னொரு நாள் வெச்சுக்கலாம். அவர் வராம இருக்க மாட்டார். என்னவோ ஆயிருக்கு."

"இங்கே என்னை அண்ணான்னு கூப்பிடாதீர். உக்காரும்."

பட்டாபிக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டில் அவர் அவனை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். உட்கார்ந்தான்.

கால் மணி முடிந்தது. ஆராவமுதன் எழுந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார். குரல் சரியாகத்தான் வந்தது. யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருவன், "கப்பு வீட்டுக்குள்ளேயே போயாச்சு," என்றான்.

வாசுதேவன் மட்டும் வந்து ஆராவமுதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விதின்னா இதுதான் ஓய். என்ன அழகா எழுதியிருக்கீர்!"

பட்டாபி ஸ்ட்ரைக்கரைப் போர்டின் நடுவில் வைத்தான். வாசலுக்குப் போய் வாளியில் கையை முக்கிக் கழுவினான். ஆடாத கை. கழுவிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

சென்னைக்குப் போகமாட்டேன் என்று அன்றே பெருந்தேவியிடம் சொல்லியிருக்கிறான். அண்ணியிடம் சொன்னால் அண்ணனுக்குப் போய்ச் சேரும். ஆராவமுதன் வற்புறுத்தவில்லை. ஜெயித்தவன் போகாவிட்டால் யார் போவது என்று விதிகளில் எங்கும் இல்லை. ஜெயித்த ஒருவன் போகமாட்டேன் என்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அடுத்த கூட்டத்தில் வாசுதேவன் வெற்றிலையை மடித்துக்கொண்டு சொன்னார்:

"விதி பேசாத இடத்துலே கமிட்டிதானே பேசணும்?"

வாசுதேவனின் மருமான் சென்னைக்குப் போனான். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான்.

நீலமேகத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மற்றொரு ஞாயிற்றுக்கிழமை ஆராவமுதன் பஸ் ஏறினார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனார். நீர் ஏன் வரவில்லை என்று முதலில் கேட்கலாம். அல்லது நான் காத்திருந்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்லலாம். எது முதலில் என்பது முடிவாகவில்லை. அதற்குள் கடல் தெரிந்தது.

கோட்டைச் சுவரைத் தாண்டிக் குப்பம். மரங்கள் கரையில் கட்டவிழ்த்துக் கிடந்தன. ஒரு குடிசை வாசலில் கேரம் போர்டு சாய்த்து வைத்திருந்தது. பனியில் நனைந்து ஒரு மூலை உப்பியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை.

"நீலமேகம் இருக்காரா?"

அவள் பூணூலையும் நெற்றியையும் பார்த்தாள். "ஆட்டம் வெச்ச ஐயரு நீதானா?"

அவர் தலையாட்டினார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீலமேகம் கரையில் வலைக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். வலையில் கை இல்லை. ஆராவமுதனைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா சாமி. வெய்யில்ல வந்துகீறே."

"நீர் உக்காரும்."

"இன்னும் நீர்தானா? இங்க போர்டு இல்லியே."

இருவரும் உட்கார்ந்தார்கள். நீலமேகம்தான் பேசினார்.

"என் மச்சான் பூட்டான் சாமி. கங்காதரன். சனிக்கெயமை போனவன். மரம் மட்டும் மாமல்லபுரத்துப் பக்கம் ஒதுங்கிச்சு. ஆளு அப்பால ஒதுங்கினான்."

ஆராவமுதன் காலில் இருந்த செருப்பைக் கழற்றினார்.

"மரம் திரும்பலன்னா ஊர்ல ஒருத்தன் கரைய வுட்டு நவுறக் கூடாது. தேடப் போறவன் போவான், மீதிப் பேரு கரையில நிக்கணும். ஆரா இருந்தாலும். கல்யாண மாப்பிள்ளையா இருந்தாலும். அதான் வர்ல. சொல்லி அனுப்பவும் ஆளு இல்ல, அல்லாரும் இங்க நின்னுகினு இருந்தோம்."

"எனக்குத் தெரியாது," என்றார் ஆராவமுதன்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

ஒரு நாய் வந்து வலையை மோந்துவிட்டுப் போனது.

"தனியாவா போனார்?"

நீலமேகம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "நானும் அவனும்தான் ஒரு மரம். எப்பவும் ரெண்டு பேரு. அமாவாசைக்கு மொத நாளு தண்ணி முறுக்கிகினு நிக்கும். அமாவாசையன்னிக்கு இன்னும் ஜாஸ்தி, அதான் அன்னிக்கு ஆரும் போறதில்ல. மொத நாளுல ரெண்டு பேரு இல்லாம மரத்தைத் திருப்ப முடியாது. அவன்தான் சொன்னான். மச்சான், நீ வூட்ல குந்து, கை ஊறிச்சுன்னா நாளைக்குக் காய் பேசாதுன்னு சாமியே சொல்லிகீது, நான் கிட்டத்துல போய்ட்டு வந்துட்றேன்னான். நானும் குந்திகினேன்."

ஆராவமுதனுக்குப் பஸ் ஜன்னலில் சிரித்த முகம் ஞாபகம் வந்தது. அமாவாசையில் மரம் இறங்காது என்று தெரிந்துவைத்திருந்தார். ஏன் இறங்காது என்று கேட்கவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றார்.

"நல்லதுக்குத்தானே சொன்னே."

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களும் இப்போது எங்கும் பொருந்தவில்லை.

"அன்னிக்கு என் பேருக்கு நேரா இன்னா எழுதினே, சாமி?"

"ஒண்ணும் எழுதலை. கோடு போட்டேன்."

"முட்டை போடலியா?"

"ஆடினாத்தான் முட்டை."

நீலமேகம் தலையாட்டினார். அது அவருக்குச் சரியாகப் பட்டதுபோல இருந்தது. "உன் தம்பி நல்லா ஆடுனானா மெட்ராஸ்ல?"

"அவன் போகலை."

"ஏன்?"

"உம்மோட ஆடாம போகமாட்டேன்னுட்டான்."

நீலமேகம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துண்டு முகத்தின் மேலேயே இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் குடிசை வாசலில் மறித்தாள். நீலமேகத்தின் தங்கை, வச்சலா.

"இத்த எடுத்துகினு போ," என்றாள் போர்டைக் காட்டி.

"அது உங்காத்துக்காரரோடது அம்மா."

"தெரியும். வூட்ல வெக்க எடம் இல்ல. வெளிய வெச்சா ராவுல காத்து அடிச்சா தட்டுது. காய் ஆட்ற மாதிரியே கீது. எடுத்துகினு போ."

ஆராவமுதன் நீலமேகத்தைப் பார்த்தார். "எடுத்துக்க சாமி," என்றார் அவர். "நான் இனிமே ஆட்றதில்ல."

"அடுத்த வருஷம் வாரும். விதியை மாத்தறேன். காரணம் கேக்கறேன்."

"கேட்டா இன்னா சொல்லுவேன்?"

கண்டக்டர் போர்டை பஸ் கூரையில் கட்டினான். திருக்கழுக்குன்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. போர்டு நனைந்தபடியே செங்கல்பட்டு வந்து சேர்ந்தது. ஆராவமுதன் அதைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது பெருந்தேவி, "கிளப்புதா? ஆத்துக்குள்ள எதுக்கு?" என்றாள். பட்டாபி மூலையில் இருந்த குறுக்குக் கோடுகளையும் உப்பு வெளுத்த சட்டத்தையும் பார்த்தான். ஒரு துணி எடுத்து வந்து துடைத்தான்.

வெய்யிலில் காயவைத்த பிறகு ஒருநாள் ஆராவமுதன் அதன் முன் உட்கார்ந்து ஒரு காயைச் சுண்டினார். பல வருஷங்களுக்குப் பிறகு. காய் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓங்கிச் சுண்டினார். கொஞ்சம் கூடப் போய் நின்றது.

செக்ரட்டரி வேலையை அவர் விட்டுவிட்டார். சுவரில் இருந்த விதிகளை வாசுதேவன் கிழிக்கவில்லை. அவை அங்கேயே இருந்தன. அவற்றின்படி யாரும் ஆடவில்லை. வாளி மட்டும் ஒரு வருஷம் வாசலில் இருந்தது. பிறகு மண்டிக்காரன் எடுத்துக்கொண்டான். ஆபிரகாம் ரிட்டயராகி மகள் வீட்டுக்குப் போகும்போது ஆராவமுதனைப் பார்க்க வந்தார். இரண்டு பேரும் ரயில்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது ஆபிரகாம், "நீர் செஞ்சது தப்பில்ல ஓய்," என்றார். ஆராவமுதன் அதற்கு நன்றி சொல்லவில்லை.

அடுத்த கார்த்திகை அமாவாசை வந்தது. அண்ணனும் தம்பியும் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா. அம்மா வழியில் மூன்று பேர். பெயரும் கோத்திரமும் சொல்லிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறங்கின. முடிவில் ஒன்று உண்டு. தகப்பன், சகோதரன், பிள்ளை, கோத்திரக்காரர் என்று தண்ணீர் விட யாருமே இல்லாமல் போனவர்களுக்காகப் பொதுவாக ஒரு கை தண்ணீர். பெயர் சொல்ல வேண்டாம்.

ஆராவமுதன் கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டார். அவர் பார்த்தே இராத ஒரு மனிதன். கிட்டத்தில் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னவன். பிறகு நீலமேகம் நினைவுக்கு வந்தார். மூங்கில் பெட்டியில் மீன் சுமந்து சந்தைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்ட வச்சலாவும் வந்தாள். அவர்கள் இருக்கிறார்கள். யாருமில்லாதவர்களுக்கு விடும் தண்ணீரில் கங்காதரனுக்குப் பங்கு கிடையாது.

சாஸ்திரிகள் மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் விரலிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணா," என்றான் பட்டாபி. அந்த ஒரு வருஷத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "விடுங்கோ."

ஆராவமுதன் குனிந்து பார்த்தார். கையில் எள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சொம்பை எட்டி இன்னொரு கை தண்ணீர் எடுத்தார்.